கல்லூரிச் சேர்க்கை அலுவலர்களுக்குப் பயிற்சி: மாணவர் சொல்வதைக் கேட்க எப்படிக் கற்றுக்கொடுப்பது?

தாமிரபரணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக இயந்திரவியல் பாடம் நடத்தி வருகிறேன். இந்த ஆண்டு நிர்வாகம் என்னைச் சேர்க்கைப் பிரிவின் பொறுப்பாளராக அமர்த்தியிருக்கிறது. அந்தப் பிரிவில் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள்: தொலைபேசியில் பேசுபவர்கள் நால்வர், நேரில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்பவர்கள் மூவர், பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் சென்று வருபவர்கள் இருவர். மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வருவதற்குள் இவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று முதல்வர் சொல்லியிருக்கிறார். பயிற்சி என்றால் எங்கள் கல்லூரியைப் பற்றி இன்னும் நன்றாகப் பேசக் கற்றுக்கொடுப்பது என்றுதான் நிர்வாகம் எண்ணுகிறது. எனக்கோ அவர்கள் கொஞ்சம் குறைவாகப் பேசக் கற்றுக்கொண்டால் போதும் என்று தோன்றுகிறது.

அப்படித் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஜூன் மாதம் சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்து மேசைக்கு ஒரு தந்தையும் மகளும் வந்தார்கள். மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை ஒரு மஞ்சள் பைக்குள் வைத்து, பையைச் சுருட்டி மடியில் வைத்திருந்தார் தந்தை. எங்கள் அலுவலர் நாற்பது நிமிடம் பேசினார். வளாக நேர்காணல், ஆய்வகம், கல்லூரிப் பேருந்து, விடுதி உணவு என்று ஒன்றையும் விடவில்லை. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் அவர் கேட்ட கேள்விகள் இரண்டே இரண்டு: கட் ஆஃப் எவ்வளவு, என்ன சமூகம். அவர்கள் 'யோசித்துச் சொல்கிறோம்' என்று எழுந்து போனார்கள். மாலையில் வாசல் காவலாளி என்னிடம் சொன்னார்: வெளியே போகும்போது அந்தப் பெண் அவரிடம் தயங்கித் தயங்கி, கல்லூரி விட்டுப் போனால் பஸ் ஸ்டாண்டில் ஆறு இருபது டவுன் பஸ்ஸைப் பிடிக்க முடியுமா, அதை விட்டால் எங்கள் ஊருக்கு வேறு பஸ் இல்லை என்று கேட்டாளாம். எங்களிடம் அவளுக்கு இருந்த கேள்வி அது ஒன்றுதான். அதைக் கேட்பதற்கு அவளுக்குக் காவலாளிதான் கிடைத்தார்.

இங்கே சேர்க்கைப் பணியில் இருந்தவர்களும், பள்ளி ஆசிரியர்களும், மாணவர்களும் இருப்பதால் கேட்கிறேன். கேட்பதை ஒரு வாரத்தில் பழக்க முடியுமா? எத்தகைய பயிற்சிகள் உண்மையில் பலன் தந்தன? எடுத்துச் சொல்வதற்கும் நெருக்குவதற்கும் நடுவிலுள்ள கோட்டை எங்கே போடுவது? எங்கள் அலுவலர்களுக்கு மாதச் சம்பளத்தோடு சேர்த்துவிடும் மாணவர் தலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகையும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இடங்கள் நிரம்பாவிட்டால் என் சக ஆசிரியர்களின் சம்பளமே நின்றுபோகும் என்பதும் உண்மை. ஆகவே வெளியில் நின்று நியாயம் பேசுபவனாக இதைக் கேட்கவில்லை.

கொங்குவாசி எழுதியது:

ஐயா, பதினான்கு ஆண்டுகள் இரண்டு கல்லூரிகளில் சேர்க்கை ஆலோசகராக இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். உங்கள் கேள்வி எனக்கு மிக நெருக்கமானது என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காதால் கேட்கக் கற்பிப்பதற்கு முன், கேட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரிந்தவர்களாக அவர்களை ஆக்குங்கள். எங்கள் அலுவலகத்தில் அன்பாகப் பேசுவதில் பெயரெடுத்த ஒருவர் இருந்தார். ஒரு பையன் வந்தான். 200க்கு 138 கட் ஆஃப். தந்தை கட்டட வேலை செய்பவர், வீட்டில் யாரும் கல்லூரிப் படியை மிதித்ததில்லை. இவ்வளவையும் அவர் பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கேட்டுவிட்டு, 'இந்த மார்க்குக்குக் கவுன்சிலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைப்பது கஷ்டம், இப்போதே மேனேஜ்மென்ட் கோட்டாவில் போட்டுவிடுங்கள்' என்று சொல்லி அன்றே பத்தாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கிவிட்டார். கலந்தாய்வு முடிந்து பார்த்தால், அதே கல்லூரியில் அதே பாடப்பிரிவில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் காலியாகக் கிடந்தன. 2017இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்தபடி, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 55,000 ரூபாய், நிர்வாக ஒதுக்கீட்டில் 87,000 ரூபாய் என்று இருந்த காலம் அது. நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் ரூபாய் வித்தியாசம். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்பவர்களுக்கு மட்டுமே உரியது என்பதால் அதுவும் போயிற்று. அந்த அலுவலர் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. 'வீட்டில் முதல் ஆள்' என்ற சொல் காதில் விழுந்தபோது அதன் பொருள் அவருக்குப் புலப்படவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் குடும்பம் பட்ட கடன் கடன்தான்.

எனவே உங்கள் பயிற்சியின் முதல் இரண்டு நாட்களைச் சலுகைகளுக்கும் விதிகளுக்கும் ஒதுக்குங்கள். சிறுபான்மையல்லாத தனியார் பொறியியல் கல்லூரி 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரி 50 சதவீத இடங்களையும் ஒற்றைச் சாளரத்துக்குத் தருகிறது என்பதை ஒவ்வொரு அலுவலரும் வாய்ப்பாடு போலச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களில் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. பெற்றோர் கிளம்பும் முன் இவற்றில் எது தங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் எதை இழக்கிறார்கள் என்பதை, முன்பணம் வாங்குவதற்கு முன், எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதனால் சில சேர்க்கைகள் கைவிட்டுப் போகும். போகட்டும்.

இனி கேட்கும் பயிற்சி. நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஒருவர் பெற்றோராகவும் ஒருவர் மாணவராகவும் நடிப்பார்கள். மாணவராக நடிப்பவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் அவர் வாய்விட்டுச் சொல்லாத ஒரு கவலை எழுதியிருக்கும். 'அக்கா கல்யாணக் கடன் இன்னும் அடையவில்லை', 'எனக்குக் கணக்கு வராது, அப்பாவிடம் சொல்லப் பயம்', 'தமிழ் வழியில் படித்தேன், வகுப்பில் ஆங்கிலத்தில் நடத்தினால் புரியுமா' என்பது போல. அலுவலர் முதல் பத்து நிமிடம் கல்லூரியின் பெயரையே எடுக்கக் கூடாது. கேள்வி கேட்கலாம், கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம். அந்தக் காத்திருப்புதான் எல்லோருக்கும் கடினம். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே ஐந்து விநாடி மௌனம் வந்தால் நம்மவர்கள் தாங்கமாட்டார்கள். உடனே வளாக நேர்காணல் விவரம் வாயிலிருந்து கொட்டத் தொடங்கிவிடும். ஒருமுறை எங்கள் பெண் அலுவலர் ஒருவர், பதில் வராதபோது ஒரு குவளைத் தண்ணீரை மாணவர் பக்கம் நகர்த்திவிட்டுப் பேசாமல் இருந்தார். சீட்டில் இருந்தது அடுத்த நிமிடமே வெளியே வந்துவிட்டது. அதன் பிறகு எங்கள் எல்லா மேசைகளிலும் தண்ணீர் வைத்தோம்.

இன்னொன்று, நாற்காலி. பெற்றோரை எதிரிலும் மாணவரைப் பக்கவாட்டிலும் உட்கார வைத்தால் அலுவலரின் பேச்சு முழுவதும் பெற்றோரிடமே போகும். நாங்கள் மாணவரை எதிரில் உட்காரச் சொன்னோம். சின்னச் செய்தி போலத் தெரியும். ஆனால் யாரைப் பார்த்துப் பேசுகிறோமோ அவர்தான் பதில் சொல்வார். மாணவர் சொன்ன கவலையை அவருடைய சொற்களிலேயே படிவத்தில் ஒரு வரி எழுதச் சொன்னோம். 'போக்குவரத்து வசதி' என்று எழுதுவதற்கும், 'ஆறு இருபது பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை' என்று எழுதுவதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பது உங்களுக்கே தெரியும்.

கோடு எங்கே என்று கேட்டிருந்தீர்கள். 'இன்றைக்குக் கட்டாவிட்டால் சீட் போய்விடும்' என்ற வாக்கியம் உண்மையாக இருந்தால் சொல்லலாம். பெரும்பாலும் அது உண்மையாக இருப்பதில்லை. உங்கள் அலுவலகத்திலிருந்து முதலில் வெளியேற வேண்டிய வாக்கியம் அதுதான். மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதும் நெருக்குதலே. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலும் பல்கலைக்கழக மானியக் குழுவும் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. வகுப்பு தொடங்கும் முன் விலகும் மாணவருக்கு, அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் விதி. கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்த படிநிலை வேறு: சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் செயலாக்கச் செலவுக்கான சிறு பிடித்தம் போக முழுக் கட்டணமும், அதற்குப் பிறகு படிப்படியாக 90, 80, 50 சதவீதமும் கிடைக்கும். இதைக் கேட்டு வருகிறவரிடம் முகம் சுளிக்காமல் பேசவும் உங்கள் அலுவலர்களுக்குப் பயிற்சி வேண்டும். சேர வருகிறவரிடம் காட்டும் பொறுமையை விலக வருகிறவரிடமும் காட்டுகிறார்களா என்று பாருங்கள். உங்கள் பயிற்சி பலித்ததா என்பது அங்கேதான் தெரியும்.

கரும்பலகை எழுதியது:

அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுநிலை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். கொங்குவாசி ஐயா மேசைக்கு இந்தப் பக்கத்தைப் பற்றி எழுதிவிட்டார். மாணவர் உங்கள் மேசைக்கு வருவதற்கு முன்னால் நடப்பதை நான் சொல்ல வேண்டும்.

செய்முறைத் தேர்வு நெருங்கும் வேளையில் கல்லூரிகளிலிருந்து 'வழிகாட்டி நிகழ்ச்சி' என்று வருகிறார்கள். பேனாவும் கோப்பும் கொடுத்துவிட்டு, ஒரு தாளில் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதச் சொல்கிறார்கள். தேர்வு முடிவு வந்த அன்று இரவே அழைப்புகள் தொடங்கிவிடுகின்றன. என் வகுப்பு மாணவி ஒருத்தி கொடுத்த எண் அவள் அம்மாவுடையது. அம்மா தீப்பெட்டி ஆலையில் வேலை செய்கிறார். வேலை நேரத்தில் போனை எடுத்தால் கண்காணிப்பாளர் திட்டுவார். ஒரே நாளில் வெவ்வேறு கல்லூரிகளிலிருந்து பதினேழு அழைப்புகள் வந்தன என்று அவர் என்னிடம் வந்து அழுதார். மகள் ஏதோ தவறு செய்துவிட்டாளோ என்று பயந்துபோயிருந்தார். கல்லூரியிலிருந்து எதற்காக அழைக்கிறார்கள் என்பதை அவருக்குப் புரியும்படி ஒருவரும் முதல் வாக்கியத்தில் சொல்லவில்லை.

உங்கள் தொலைபேசி அலுவலர்களுக்கு முதல் கேள்வியாக 'இந்த எண் யாருடையது, இப்போது பேசலாமா, எப்போது அழைத்தால் வசதி' என்பதைப் பழக்குங்கள். வேண்டாம் என்றால் மறுபடி அழைக்காதீர்கள். பிளஸ் டூ மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவரைக் குழந்தை என்றே வரையறுக்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. பள்ளியில் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டு எண் வாங்குவது எந்தப் பெற்றோரின் இசைவும் அன்று.

வருத்தத்தோடு இன்னொன்றையும் எழுதுகிறேன். மாணவர் ஒருவரை அனுப்பினால் இவ்வளவு என்று என்னிடமே ஒரு கல்லூரியின் ஆள் உறையை நீட்டியிருக்கிறார். நான் வாங்கவில்லை. ஆனால் 'டீச்சர் சொன்னாங்க' என்ற ஒரு சொல்லை நம்பி வீட்டை அடகு வைக்கும் குடும்பங்கள் எங்கள் ஊரில் இருக்கின்றன. அந்த நம்பிக்கைக்கு விலை பேசுவதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. ஊர் ஊராகச் செல்லும் உங்கள் இரு அலுவலர்களின் பையில் அப்படி ஓர் உறை இருக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கொங்குவாசி ஐயாவின் ஒரு யோசனையில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. மாணவரின் கவலையைக் கண்ணெதிரே படிவத்தில் எழுதினால் எங்கள் பெற்றோர் வாயை மூடிக்கொள்வார்கள். எழுதப்பட்ட தாள் அவர்களுக்குப் பெரும்பாலும் தீங்கே கொண்டுவந்திருக்கிறது. கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்த தலைமுறையின் பிள்ளைகள் இவர்கள். பேசி முடித்து அவர்கள் போன பிறகு எழுதிக்கொள்ளலாம். அல்லது எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டலாம்.

கொங்குவாசி எழுதியது:

அம்மா, நீங்கள் சொல்வது சரி. எங்களிடம் வந்தவர்களில் பலர் ஓரளவு படித்த பெற்றோர் என்பதால் எனக்கு அது உறைக்கவில்லை. வாசித்துக் காட்டுவது எழுதியவரையும் திருத்தும்.

கடல்கடந்தவன் எழுதியது:

அமெரிக்காவில் ஒரு சமுதாயக் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். ஊக்கத்தொகையைப் பற்றித் தாமிரபரணிக்கரை எழுதியிருந்த ஒரு வரிக்காகவே இதை எழுதுகிறேன்.

சேர்க்கும் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு அலுவலருக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று 1992இலேயே இங்கே உயர்கல்விச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். மாணவர்களுக்கான மத்திய அரசு உதவியைப் பெறும் எந்தக் கல்லூரியையும் அது கட்டுப்படுத்தும். 2002இல் கல்வித் துறை அதற்குப் பன்னிரண்டு விலக்குகளை வகுத்தது. விலக்குகள் வழியாகப் பழைய வழக்கம் திரும்ப நுழைந்தது. இலாப நோக்கில் நடக்கும் கல்லூரிகள் வேகமாகப் பெருகிய காலம் அது. 2010இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, மாணவர் வேடத்தில் ஆட்களை அத்தகைய 15 கல்லூரிகளுக்கு அனுப்பிப் பார்த்தது. பதினைந்திலும், ஒன்று விடாமல், ஏமாற்றும் தன்மையுள்ள அல்லது ஐயத்துக்குரிய பேச்சைப் பேசினார்கள். இணையத்தில் எண்ணைப் பதிவு செய்த ஒரு கற்பனை மாணவருக்கு ஒரே மாதத்தில் 180க்கு மேற்பட்ட அழைப்புகள் வந்தன. ஆசிரியை எழுதிய பதினேழு அழைப்புகளைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. 2011 ஜூலை முதல் அந்த விலக்குகள் நீக்கப்பட்டன.

ஆனால் நான் சொல்ல வந்தது சட்டத்தைப் பற்றி மட்டும் அன்று. 2012இல் செனட் குழு ஒன்று வெளியிட்ட நீண்ட அறிக்கையில், இலாப நோக்கில் கல்லூரிகள் நடத்திய ஐ.டி.டி. என்ற நிறுவனத்தின் பயிற்சித் தாள் ஒன்று இடம்பெற்றது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயரைத் தமிழில் 'வலியின் புனல்' (எண்ணெய் ஊற்றும் புனல்) என்று சொல்லலாம். வருகிறவரிடம் முதலில் பொதுவாகக் கேட்பார்கள். பிறகு அவர் வாழ்க்கையில் எது வருத்துகிறது என்று கேட்பார்கள். அது எவ்வளவு காலமாக இருக்கிறது, அதைச் சரிசெய்ய என்ன செய்து பார்த்தீர்கள், அதனால் என்ன இழந்தீர்கள் என்று படிப்படியாகக் குறுக்கிக்கொண்டே போய், வலி உச்சத்தில் இருக்கும்போது விண்ணப்பத்தை நீட்டுவார்கள். அந்த அலுவலர்கள் மிக நன்றாகக் கேட்டவர்கள். காத்திருக்கத் தெரிந்தவர்கள். தண்ணீரும் கொடுத்திருப்பார்கள். அந்த நிறுவனம் 2016 செப்டம்பரில் ஒரே நாளில் கதவை மூடியது. படித்துக்கொண்டிருந்தவர்கள் கடனோடு நடுத்தெருவில் நின்றார்கள்.

அதனால் தாமிரபரணிக்கரை அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: ஊக்கத்தொகையை அப்படியே வைத்துவிட்டுக் கேட்கும் கலையை மட்டும் கற்றுக்கொடுத்தால், உங்கள் ஒன்பது பேர் கையிலும் கூர்மையான கத்தியைக் கொடுத்தவர் ஆவீர்கள். 'அக்கா கல்யாணக் கடன் அடையவில்லை' என்ற செய்தி, 'ஆகவே கட்டணம் குறைவான அரசுக் கல்லூரியை முதலில் பாருங்கள்' என்ற இடத்துக்கும் இட்டுச் செல்லும். 'உங்கள் மகன் நான்கு ஆண்டில் அந்தக் கடனை அடைப்பான், இன்றே கையெழுத்துப் போடுங்கள்' என்ற இடத்துக்கும் இட்டுச் செல்லும். எந்தப் பக்கம் போவது என்பதை அந்த நேரத்தில் அலுவலரின் மனசாட்சி மட்டும் முடிவு செய்வதில்லை. மாதக் கடைசியில் வரும் தொகையும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. நானும் குடும்பம் நடத்துபவன், அதனால் தெரிந்து சொல்கிறேன்.

எண்ணிக்கைக்குப் பதிலாக வேறு எதை அளக்கலாம் என்று உங்கள் முதல்வர் கேட்பார். முதலாண்டு முடிவில் எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்று பாருங்கள். பாதியில் நின்றவர்களிடம், சேரும்போது சொல்லப்பட்டதற்கும் சேர்ந்த பின் கண்டதற்கும் என்ன வேறுபாடு என்று கேளுங்கள். இவற்றையும் பணத்தோடு கட்டாமல், அலுவலகம் தன்னைத் தெரிந்துகொள்ளும் கணக்காக வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

நான் இப்போது வேலைக்குச் செல்கிறேன். வீட்டில் முதல் பட்டதாரி. பிளஸ் டூ முடித்தபோது சித்தப்பாவுடன் மூன்று கல்லூரிகளுக்குப் போனேன். முதல் இரண்டிலும் என்ன சொன்னார்கள் என்பது நினைவில் இல்லை. மூன்றாவது இடத்தில் ஓர் அம்மா இருந்தார். எலெக்ட்ரானிக்ஸ் வேண்டும் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். எங்கள் ஊரில் டி.வி. ரிப்பேர் கடையில் விடுமுறைக்கு உட்கார்ந்திருப்பேன், சர்க்யூட் போர்டைப் பார்க்கப் பிடிக்கும் என்று சொன்னேன். அதுவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை என்பதால், அதைச் சொல்வதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர், 'எங்கள் கல்லூரியில் அந்தத் துறையில் இப்போது இரண்டு மூத்த பேராசிரியர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், புதியவர்கள் இன்னும் வரவில்லை, நீ விருப்பப் பட்டியலில் இந்தக் கல்லூரிகளை மேலே போடு, எங்களைக் கீழே போடு' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பட்டியலில் இரண்டாவதாகப் போட்ட கல்லூரி கிடைத்தது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்த ஆண்டு என் தம்பியையும், எங்கள் தெருவில் இருந்து இன்னும் இரண்டு பேரையும் அந்த அம்மாவிடம்தான் அனுப்பினோம். மூவரில் இருவர் அங்கேயே சேர்ந்தார்கள், வேறு துறைகளில்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று நாட்களாக இவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்றாம் பெஞ்ச் எழுதியதை அச்செடுத்து முதல்வரின் மேசையில் வைத்தேன். கடல்கடந்தவன் அவர்களின் பதிலைச் செயலாளரிடமே வாசித்துக் காட்டினேன்.

தலைக்கு இவ்வளவு என்ற தொகையை முழுவதுமாக எடுத்துவிட நிர்வாகம் ஒப்புக்கொள்ளவில்லை. நீண்ட நேரம் பேசிய பிறகு, நேரில் விளக்கம் சொல்லும் மூவருக்கு மட்டும் இந்த ஆண்டு அதை நிறுத்திவிட்டு, சென்ற ஆண்டு அவர்கள் சராசரியாகப் பெற்றதைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். தொலைபேசியில் பேசும் நால்வருக்கும் வெளியே செல்லும் இருவருக்கும் பழைய முறையே தொடர்கிறது. இது எனக்கு நிறைவு தரவில்லை. ஆசிரியை சொன்ன துன்பம் நடப்பது அந்த ஆறு பேரின் வேலையில்தான். ஆகவே ஒரு எண்ணுக்கு இரண்டு முறைக்கு மேல் அழைப்பதில்லை, காலை பத்து மணிக்கு முன்பும் மாலை ஏழுக்குப் பின்பும் அழைப்பதில்லை, பள்ளிகளில் எண் வாங்கும் தாளைச் சுற்றுக்கு விடுவதில்லை என்ற மூன்று கட்டுப்பாடுகளுக்கு எழுத்து உத்தரவு வாங்கியிருக்கிறேன். ஆசிரியர்களுக்குப் பணம் கொடுப்பது இந்தக் கல்லூரியில் இருந்ததா என்று செயலாளரிடம் நேராகவே கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இனி இருக்காது என்று மட்டும் சொன்னார். அதையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

பயிற்சியின் முதல் இரண்டு நாட்கள் சலுகைகளும் விதிகளும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் எதெது கிடைக்காது என்று ஒரு பக்கத் தாள் தயாரித்து, முன்பண ரசீதுக்கு முன்னால் அதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். துண்டுச் சீட்டுப் பயிற்சிக்கு எங்கள் இறுதியாண்டு மாணவர்களையே மாணவர் வேடத்துக்கு அழைத்திருக்கிறேன். சேரும்போது அவர்கள் சொல்லாமல் விட்ட கவலையையே சீட்டில் எழுதச் சொன்னேன். நேற்று வரை இருபத்திரண்டு சீட்டுகள் வந்திருக்கின்றன. அவற்றில் ஆறு, பேருந்தைப் பற்றியவை. இரண்டு, கழிப்பறையைப் பற்றியவை. ஒன்றில், 'அப்பா எதிரில் கேட்காமல் என்னைத் தனியாக ஒரு நிமிடம் கேட்டிருந்தால் சிவில் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்' என்று எழுதியிருக்கிறது. அந்த மாணவன் என் வகுப்புக்குப் பொதுப்பாடம் படிக்க வந்தவன். நான்கு ஆண்டுகளாக அவனை எனக்குத் தெரியும்.

அதைப் படித்த பிறகுதான், பெற்றோரின் மனம் நோகாமல் மாணவரிடம் தனியாக ஐந்து நிமிடம் பேசுவதற்கு என்ன வழி என்று யோசிக்கத் தொடங்கினேன். பெண் பிள்ளைகளோடு வரும் பெற்றோர் இதற்கு எளிதில் சம்மதிக்கமாட்டார்கள் என்பது தெரியும். ஆய்வகத்தைச் சுற்றிக் காட்ட ஒரு மாணவியோடு அனுப்பலாமா என்பது இப்போதைக்கு எங்களுக்குத் தோன்றியிருக்கும் வழி. கரும்பலகை அம்மா, உங்கள் பெற்றோர்களை நன்கு அறிந்தவர் என்ற முறையில் இதைப் பற்றி நீங்கள் நினைப்பதை எழுதினால் பேருதவியாக இருக்கும். பயிற்சி வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது.